நாகையில் இடித்தது எந்தக் கோபுரத்தை?

நாகப்பட்டினத்தில் கடலோரமாக 1867 வரை ஒரு செங்கல் கோபுரம் நின்றது. அங்கே கல்லூரி நடத்திய இயேசு சபையார் கேட்டுக்கொள்ள, சென்னை அரசு அந்த ஆண்டு ஆகஸ்டில் அனுமதி தந்தது, கோபுரம் தரைமட்டமானது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் அதுதான் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. விகாரம் இருந்ததில் ஐயமில்லை. சோழர் வெளியிட்ட லெய்டன் பெரிய செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் எடுத்த அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விட்ட கொடையாக, போனதை அது விரிவாகச் சொல்கிறது. மேருவை மிஞ்சும் உயரம் என்கிறதே, அது கோபுரம்தானே என்று கேட்கலாம். கோயிலை மேருவோடு ஒப்பிடுவது நம் சாசனங்களில் புதிதல்ல. புலவர் புகழ்ச்சியை வைத்து அளவு எடுக்க முடியாது.

கடைசியாக நின்றது எப்படிப்பட்ட கட்டடம் என்பதைச் சென்னை அரசு அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். அவர் தரும் 1846ஆம் ஆண்டு ஓவியத்தில் நாற்சதுரமான மூன்றடுக்குக் கோபுரம் தெரிகிறது. சாந்து இல்லாமல் இறுக்கி அடுக்கிய செங்கல், பக்கத்துக்கு ஒரு வாசல், உச்சி திறந்தவெளி. அடித்தள மூலைகள் உராய்ந்து தேய்ந்திருந்தன, ஆனால் கட்டடம் உறுதியாகவே இருந்தது. உள்ளே மேல்தளம் பதிந்திருந்த தடமும் சுவரில் இருந்ததாம். ஊரார் இதற்கு வைத்த பெயர் சீனக் கோபுரம். டச்சுக்காரரான வாலெண்டைனும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘சீனா பகோடா’ என்றே எழுதினார்.

வெறும் பெயரை நம்பலாமா? ‘ஜைன’ என்பதே ‘சீன’ என்று திரிந்திருக்கலாம் என்பார்கள். எலியட்டே இரண்டு பெயரையும் குறிப்பிடுகிறார். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே சீனம் வந்துவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், ‘பதான்’ சமவெளியில் செங்கல் கோபுரம் ஒன்று இருந்ததையும், சியான்சுன் 3ஆம் ஆண்டு எட்டாம் மாதம், அதாவது 1267இல், பணி முடிந்ததாக அதில் சீன எழுத்து பொறித்திருந்ததையும் சொல்கிறார். பதான் நாகப்பட்டினமே என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிவு. பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டும், 1476இல் இலங்கை சென்று திரும்பும் வழியில் கப்பல் உடைந்து நாகை வந்த பிக்குகள், சீன தேசத்து மகாராஜா கட்டுவித்த குகையில் புத்தரை வணங்கியதாகச் சொல்கிறது. குகை வேறு, கோபுரம் வேறு என்று மறுப்பது எளிது. உள்ளே வெற்றிடமும் வாசலும் கொண்ட ஓர் அறை, வணங்கப் போனவர் கண்ணுக்குக் குகையாகத் தெரிந்திருக்கக் கூடாதா?

வலுவான மறுப்பு வேறொன்று: எலியட் தரும் விவரத்தில் சீன எழுத்து பற்றிப் பேச்சே இல்லை, ஓவியத்தின் சாயலும் நம்மூர்க் கட்டடக்கலை போலத்தான். ஆனால் பணம் கடல் கடந்து வந்தாலும், சுவர் எழுப்பிய கொத்தர் உள்ளூர்க்காரராகத்தான் இருந்திருப்பார். சூடாமணி விகாரமே அப்படித்தானே. அதனால் இடிந்தது 1267ஆம் ஆண்டுக் கோபுரமே என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. எழுத்துள்ள ஒரு கல் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும். கிடைத்தவை பெரும்பாலும் வெண்கலம்தான்: அந்த இயேசு சபையார் வளாகத்தில் 1856இல் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் ஐந்து திருமேனிகள், பிறகு 1930கள் வரை நாகை மண்ணிலிருந்து சுமார் 350. அவற்றில் சில 16ஆம் நூற்றாண்டு வரை வருகின்றன.