மாவுப்பூச்சியின் சரித்திரம்

குற்றாலத்து அருவியையும் சாரலையும் புகழ்ந்து எழுதியோர் பலராக, அவ்வருவி வீழும் மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே கடையநல்லூர், புளியங்குடி எனத் தொடரும் எலுமிச்சைத் தோப்புகளைப் பற்றி எழுதியோர் சிலரே. அத்தோப்புகளில் காய்க்காம்பிலும் இலைக்கக்கத்திலும் வெண்பஞ்சு அப்பினாற்போல ஒட்டிச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியையோ, விவசாயி சபிப்பதன்றி வேறொருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் உயிர்நூலின் சரித்திரத்தில் அதற்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு.

எலுமிச்சை இனங்களைத் தாக்கும் பிளானோகாக்கஸ் சிட்ரி என்னும் வகையில் பெண்ணுக்குச் சிறகில்லை. ஆணோ மெல்லிய சிறகுகளுடன், ஏதும் உண்ணாமல், சில நாளே வாழ்ந்து மடிகிறது. உருவத்தில் இவ்வளவு பேதமுள்ள இருவர்க்கும் தாய்வழி 5, தந்தைவழி 5 என்று குரோமோசோம்கள் சமமாகவே உள்ளன. ஆண் கருவில் மட்டும் தந்தைவழி வந்த ஐந்தும் தொடக்கத்திலேயே இறுகித் திரண்டுவிடுகின்றன. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி அமைந்த குரோமாட்டின் நெகிழ்ந்திருக்கும் இடத்தில் ஜீன்கள் தொழிற்படும். இறுகிய இடத்தில் அவை பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆண் கருவின் இவ்விந்தையை 1920-களில் பிரான்ஸ் ஷ்ரேடர் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்தார். 1961-இல் வெளியான ஆய்வில், கலிபோர்னியாவில் பிரவுன், நெல்சன்-ரீஸ் என்னும் விஞ்ஞானிகள் தந்தைப் பூச்சிகளின்மீது எக்ஸ் கதிர் பாய்ச்சியபோது பெண் சந்ததி மடிய, ஆண் சந்ததி பிழைத்தது; தந்தை தந்த பழுதுற்ற குரோமோசோம்கள் மகனிடம் செயலற்றுக் கிடந்ததே காரணம். அதனினும் வியப்பு, 1967-இல் உஸி நூர் என்னும் விஞ்ஞானி வெளியிட்ட செய்தி: ஆண் பூச்சியின் குடல் முதலிய சில திசுக்களில் அவ்விறுக்கம் தளர்ந்து, தந்தைவழி ஜீன்கள் மீண்டும் உயிர்பெறுகின்றன. ஒரே பரம்பரைச் செல்வத்தைப் பெற்ற உறுப்புகள் வெவ்வேறு தொழில் புரிவதன் ரகசியத்தை இத்தனை தெளிவாகக் காட்டிய பிராணி அரிது என்பது என் கருத்து.

பிரவுனுடன் பணியாற்றிய எச். சரத் சந்திரா இவ்வாராய்ச்சியைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வளர்த்தார். வாணி பிரம்மச்சாரி முதலியோருடன் அவர் 1996-இல் வெளியிட்ட கட்டுரை, பிளானோகாக்கஸ் லிலாசினஸ் என்னும் மற்றொரு மாவுப்பூச்சி வகையின் ஆணிடம், டி.என்.ஏ.வை வெட்டும் நியூக்ளியேஸ் நொதிக்கு எளிதில் இடங்கொடாத குரோமாட்டின் பகுதியொன்று இருப்பதை நிறுவியது.

தென்காசி வட்டாரத்துக் கல்லூரிகளில் உயிர்நூல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தோப்பிலிருந்து தாய்ப்பூச்சியின் முட்டைப்பையைக் கொணர்ந்து, கருக்களை அசிட்டோ-கார்மைன் சாயத்தில் நசுக்கி நுண்பெருக்கியின் கீழ் வைத்தால், ஆண் கருவின் உயிரணுக்களில் கருஞ்சிவப்புத் திரளொன்று புலப்படும்; அதை மாணவர்க்கு ஒருமுறை காட்டுங்கள்.