ரௌத்திரி வருஷத்துக் கும்பா

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஓர் அடகுக் கடையில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதினேன். வெள்ளிச் சாமான் கைக்கு வந்தால் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சந்தனக் கும்பாவை நீட்டினாலும் அப்படித்தான். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வட்டாரத்தில் வெள்ளி என்பது பெயரில்தான் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. தோண்டினால் குன்றிமணி எடைகூட வராது. அந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் எங்கள் கடைக்குக் கொண்டுவந்ததெல்லாம் காப்பும் அரைஞாணும்தான், பாத்திரம் வந்ததே இல்லை. 1976 வரை ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டிருந்த மலை அது. வெள்ளிப் பாத்திரத்துக்கு எங்கே போவார்கள்?

வெள்ளி கப்பலில் வந்த சரக்கு. 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டார்கள். அந்தக் கண்டத்து வெள்ளி ஐரோப்பா போய், அங்கிருந்து பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரித் துறைகளில் இறங்கி, நம் நெசவாளர் துணிக்கு விலையானது. பிறகு நாணயமாகி, பத்தர் மூசையில் உருகி, யார் வீட்டுக் கும்பாவாகவோ ஆகியிருக்கும்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சின்னசேலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பழைய வேட்டித் துணியில் ஆறு முள்கரண்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்தார். தாத்தா ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பட்லராம். “துரை சீமைக்குப் போறப்ப கையால குடுத்தது, கணக்குப்பிள்ளை. அசல் வெள்ளி. நல்லாப் பாருங்க” என்றார்.

காம்பின் முதுகில் வரிசையாக நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு குறி. வெறும் கண்ணுக்கு அசல் சீமை முத்திரை போலவே இருந்தது. கண்ணாடி வைத்தேன். ஈ, பி, என், எஸ். நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதன்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியது என்று பொருள். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி மருந்துக்கும் கிடையாது. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் இந்த முலாம் முறைக்குக் காப்புரிமை வாங்கியபின் உலகமெங்கும் சாப்பாட்டு மேஜைகளில் இதுதான் பரவியது. முள் நுனிகளில் பூச்சு தேய்ந்து அடிநிறம் எட்டிப் பார்த்தது.

அடகுக்கு ஆகாது என்றேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பச் சுற்றிக்கொண்டார். எந்தத் தோட்டம், எந்தத் துரை, என்ன வருஷம் என்று கேட்டிருக்கலாம். கடையில் அன்றைக்குக் கூட்டம்.

அசல் சீமை வெள்ளி தன் ஜாதகத்தையே முதுகில் சுமந்திருக்கும். நடக்கிற சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம். (கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! அது அவர்கள் பாடு.) வருஷத்துக்கு ஓர் எழுத்து. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக ராஜா அல்லது ராணியின் தலையும் இருக்கும். வெள்ளைக்காரன் தன் ஊரில் வைத்திருந்த இந்தச் சோதனையை இங்கே ஏற்படுத்தவில்லை. 1849இல் தொடங்கிய சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொண்டன. சாமி உருவங்களை வரிசையாகப் புடைத்த அவர்களுடைய தேநீர்ச் சாமான்களுக்கு ‘சுவாமி வெள்ளி’ என்று பெயர். அந்தப் பெயர் அடியில் இருந்தால் சேகரிப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் பல மடங்கு தருவார்கள். நம்மூர்ப் பத்தர் அப்படி எதையும் குத்தியதில்லை. இந்தியாவில் வெள்ளிக்கு ஹால்மார்க் வந்ததே 2005இல்தான்.

பத்தர் செய்த பாத்திரத்தில் இருப்பது வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும். உளிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்திப் பேர் வெட்டுவார்கள். என் ஆயா சீராகக் கொண்டுவந்த கும்பாவின் அடியில் ‘ரௌத்திரி ௵ தை ௴, தாய்மாமன் சீர், ரூபா எடை 24’ என்று இருக்கிறது. கீழே மாமன் பெயர்.

தமிழ் வருஷத்தில் ஒரு தொல்லை, அறுபதுக்கொரு முறை திரும்பி வரும். ரௌத்திரி 1860, 1920, 1980 மூன்றிலும் பிறந்தது. 1980இல் யாரும் ரூபாய் எடையில் வெள்ளி நிறுத்ததில்லை, கிராம் வந்தாகிவிட்டது. மீதி இரண்டில் எது? சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றுக்கு நகல் போட்டேன். 1919இல் புஞ்சை நிலம் விற்றவர் அதே மாமன். அப்படியானால் 1921 ஜனவரி அல்லது பிப்ரவரி. நிலம் விற்ற பணம்தான் சீரானதோ என்னவோ.

கடைப் பத்தர் உரைகல்லில் இழைத்துப் பார்த்து, “ரூபா மாத்துதாங்க” என்றார். சரியாக இருந்தது. அந்தக் காலத்தில் வெள்ளி ரூபாயையே எண்ணிக் கொடுத்து உருக்கச் சொல்வதுண்டு. 1940 வரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி.

பழைய வெள்ளியைப் போட்டுப் புதுசு வாங்குகிறவர்களைத் தடுக்க நான் யார்? வயிற்றைக் கட்டி வாங்கிய வெள்ளி, நெருக்கடியில் சோறு போடுவதும் அதுதான். நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. உள்ளூரில் உருக்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? தராசில் வைப்பதற்கு முன்னால் அடியைக் கவிழ்த்து, எழுத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழியாமலிருக்கத் திருநீறு போட்டுத் தேய்ப்பதையும் விடுங்கள்.

ஒரு ரூபாய் எடை 11.66 கிராம். இருபத்து நாலுக்கு 280 கிராம் இருக்க வேண்டும். எங்கள் கும்பா இப்போது 271. மாமன் பெயரின் கடைசி எழுத்து தேய்ந்தே போய்விட்டது. பத்திரத்தைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.