கொறுக்காயும் பசியடக்கியும்

ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்டழைத்த வேலணைத் தீவில், பனை சூழ்ந்த கடலோரச் சிற்றூர் சுருவில். அங்கும் அயல் தீவுகளிலும் வாழ்ந்த முன்னோர்க்குப் பசியை ஆற்றுவதே பெருங்கவலையாயிருந்தது. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியலாகச் சேமித்தனர். மீனும் நண்டும் இலைக்கறியும் சேர்த்துக் கூழ் காய்ச்சினர். பசியைக் கெடுக்கும் பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வரும் என்று அவர்கள் கனவிலும் கருதியிரார்.

தீவகத்தார் பலர் பிழைப்புத் தேடித் தென்னிலங்கை சென்று பலசரக்குக் கடை நடத்தினர். அத்தகைய கடைகளில் நாளும் விலைப்படும் பொருள்களுள் ஒன்று கொறுக்காய். ஈரவலயத்தில் வளரும் மரம் இது. பூசணி போன்று வரிப்பள்ளங்கள் உடைய அதன் பழத்தின் தோலை உலர்த்தினால் கறுத்துவிடும். சிங்கள மக்கள் அதனை மீன்கறிக்குப் புளிப்பாகவும், மீன் சில நாட்கள் கெடாதிருக்கவும் இடுவர். கேரளத்தார் இதனையே குடம்புளி என்பர். தலைமுறை தலைமுறையாய் இதனை உண்டவர்கள் எவரும், இது பசியை மாய்த்து உடலை மெலிவிக்கும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அப்படியாயின் அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? 1965ஆம் ஆண்டில் லூயிஸ், நீலகண்டன் என்னும் இரு ஆராய்ச்சியாளர், இப்பழத்தின் முதன்மையான அமிலம் ஐதரொக்சிசித்திரிக்கமிலம் என்று கண்டனர். மாச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவதற்கு உதவும் நொதியம் ஒன்றினை இவ்வமிலம் தடுக்கின்றது என்பது 1969இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அடுத்த பத்தாண்டில் எலிகளுக்கு இதனைக் கொடுத்தபோது அவை குறைவாக உண்டன, எடையும் குறைந்தது. எலியிடம் கண்டதை மனிதனுக்கும் பொருந்துமென்று கொண்டு, வணிகர் அதனை மாத்திரையாக்கினர். வழக்கமான உணவு உண்ணும் மனிதரின் உடலில் மாச்சத்துக் கொழுப்பாக மாறுவது மிகச் சிறிதளவே என்பதைப் புட்டியின் மேலொட்டிய விளம்பரம் சொல்லவில்லை.

முறையான சோதனை 1998இல் வெளிவந்தது. நியூயோர்க்கில் பருமனான 135 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 1,500 மில்லிகிராம் அமிலம் பெற்றனர்; மற்றவர் மருந்தற்ற போலி மாத்திரை பெற்றனர். இரு பிரிவினர்க்கும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே. 12 வாரங்களின் பின், கொறுக்காய் அமிலம் உண்டோர் சராசரி 3.2 கிலோகிராம் குறைந்திருந்தனர். போலி மாத்திரை உண்டோர் 4.1 கிலோகிராம். இவ்வேறுபாடு தற்செயலாய் நேரக்கூடிய அளவினதே. எனினும் மருந்தால் மிகுதியான பயன் ஏதுமில்லை என்பது தெளிவாயிற்று.

ஆயினும் வியாபாரம் தளரவில்லை. துணையுணவு என்னும் பெயரில் விற்கப்படுவன, விற்பனைக்கு முன் தம் பயனை அரசுக்கு நிறுவ வேண்டியதில்லை என்பது 1994ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின் நிலை. 2012இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி வைத்தியர் மெஹ்மெட் ஒஸ் கொறுக்காயைப் போற்றிப் பேச, உலகெங்கும் அதன் பெயர் பரவிற்று. 2014 யூனில் செனட் சபையின் உபகுழு முன் அவர் தம் புகழுரைகளுக்கு விடையிறுக்க நேர்ந்தது.

பணநட்டத்தோடு இது முடிந்திருப்பின் நன்று. 2009 மே மாதம், ஐதரொக்சிகட் என்னும் மெலிவு மருந்துகளை உண்ணற்க என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மஞ்சட்காமாலை முதல் ஈரல் செயலிழப்பு வரையான கேடுகள் பற்றி 23 முறைப்பாடுகள் வந்திருந்தன, ஒருவர் இறந்திருந்தார். அம்மருந்துகள் சிலவற்றில் கொறுக்காய்ச் சாறு இருந்தது. பல பொருள்கள் கலந்திருந்தமையால் குற்றவாளி எதுவென அன்று உறுதியாகவில்லை. பின்னர், கொறுக்காய் மாத்திரையைத் தனியே உண்ட சிலரிடத்தும் ஈரல் அழற்சி காணப்பட்டது. கறிக்கு இடும் இரண்டொரு துண்டும், சாறு பிழிந்து செறிவாக்கிய மாத்திரையும் ஒன்றல்ல.

பசியைக் குறைக்கும் மருந்தே இல்லையென்பதன்று. 2021இல் உடற்பருமனுக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமக்ளுடைட், ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்டது. அதன் தீய விளைவுகளும் எழுதப்பட்டுள்ளன. வைத்தியரின் சீட்டின்றி அதனைப் பெறலாகாது. அவ்வாறு சோதித்து ஏற்ற மருந்தும் பின்னர் பிழைபடலாம். பசியடக்கியாக விற்கப்பட்ட பென்புளூரமைன், இதய வால்வுகளைப் பழுதாக்கியமை தெரியவந்து 1997இல் மீட்கப்பட்டது. சோதித்தவற்றின் நிலையே இதுவாயின், சோதியாதவற்றை எங்ஙனம் நம்புவது?

ஆகவே, பசியை அடக்குமென்று ஒரு புட்டி வந்தால், எத்தனை மனிதரிடம், எத்தனை காலம், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று முதலிற் கேட்டல் வேண்டும். விடை வரும்வரை கொறுக்காய் மீன்சட்டியிலேயே இருக்கட்டும்.