ஒரு ஃபான், ஒரு வடி, கொஞ்சம் டேப்

2008இல் பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதரகம் தன் வளவுக்குள் ஒரு கருவியைப் பூட்டி, காற்றில் இருக்கிற நுண்துகளின் அளவை மணிக்கொருக்கா ட்விட்டரில் போடத் தொடங்கியது. தங்கட ஆட்களின் உடம்பைப் பார்த்துச் செய்த வேலைதான் அது. ஆனால் நகரத்துச் சனத்துக்கு அது வேறொன்றாகிப் போனது. பி.எம். 2.5 எண்டால் தலைமயிர்த் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராத துகள். நுரையீரலின் அடிவரை போகும். அதன் அளவை அந்த நகர நிர்வாகம் 2012 ஜனவரி வரை வெளியிடவேயில்லை. எதிர்க் கட்டடம் தெரியாத நாட்களிலும் 'பனிமூட்டம்' எண்ட சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2012 ஜூனில், தூதரகங்கள் இப்படி எண்களை வெளியிடுவதை நிறுத்த வேண்டுமெனச் சீன அதிகாரிகள் கேட்டார்கள். நிறுத்தப்படவில்லை.

2013 ஜனவரி 12ஆம் திகதி அந்தக் கருவி காட்டியது கனமீற்றருக்கு 886 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அந்த நாளில் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருந்த அளவு 25.

சனம் சுத்திகரிப்பான் தேடி ஓடியது. நல்லது எண்டு பேர்பெற்றவை ஆயிரக்கணக்கான யுவான் விலை. அப்போது பெய்ஜிங்கில் இருந்த தோமஸ் டால்ஹெல்ம் எண்ட அமெரிக்க ஆய்வு மாணவர், உள்ளே என்னதான் இருக்குது எண்டு பார்த்தார். ஒரு ஃபான், ஒரு ஹெப்பா வடி. அவ்வளவுதான். கடையில் இரண்டையும் வாங்கி, ஒரு பட்டியால் கட்டினார். செலவு 200 யுவான் அளவில் முடிந்தது. துகள் எண்ணும் கருவியை அறைக்குள் வைத்து, ஃபானைப் போட முதலும் பிறகும் அளந்து, எண்களை அப்படியே எல்லாரும் பார்க்கப் போட்டார். என்னைக் கேட்டால், கட்டினதைவிட இந்த அளந்து போட்டதுதான் பெரிய விசயம். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு விளம்பரம்தானே.

ஏழு வருசத்துக்குப் பிறகு அதே யோசனை வேறொரு பயத்தில் திரும்பி வந்தது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றால் பரவாது எண்டு பெரிய எழுத்தில் ட்வீற் போட்டிருந்தது. உள்ளகக் காற்றைப் படிக்கிற பொறியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கோர்சி. ஒரு ஃபானில் ஒரு வடியைக் கட்டாமல் பல வடிகளைச் சேர்த்தால் என்ன எண்டு அவர் யோசனை சொல்ல, டெக்சாஸில் வடிக் கம்பனி நடத்திய ஜிம் ரோசந்தால் 2020 ஓகஸ்டில் அதைச் செய்து பார்த்தார். வடிகளைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே ஃபானை வைத்து, இடைவெளியெல்லாம் டேப் ஒட்டினார். 'கோர்சி பெட்டி' எண்டு பேரும் வைத்தார். பெருமை ரோசந்தாலுக்குத்தான் எண்டு கோர்சி பிறகு சொன்னதால் இரண்டு பேரின் பேரும் சேர்ந்துகொண்டது.

இதில் ஒரு வடிவான கணக்கு இருக்குது. ஹெப்பா வடி 0.3 மைக்ரோன் துகளில் நூற்றுக்கு 99.97ஐப் பிடிக்கும், ஆனால் காற்றைத் தடுக்கும். பெட்டியில் போடுகிற மேர்வ் 13 வடி அந்தச் சின்னத் துகளில் பாதியளவைத்தான் ஒரு தடவையில் பிடிக்கும். எண்டாலும் வடியின் பரப்பு கூடும்போது தடை குறையுது, ஃபான் கூடக் காற்றை இழுக்குது, அதே காற்று திரும்பத் திரும்ப வடிபடுது. ஃபானின் நாலு மூலையையும் காட்போட் மட்டையால் மறைத்தால், காற்றுப் பின்னுக்கு வழுகிறது நின்று இன்னும் நல்லா வேலை செய்யும். வாயுக்களை மட்டும் இது தொடாது. அதுக்கு யன்னலைத் திறக்கத்தான் வேணும்.

கொழும்பிலும் அமெரிக்கத் தூதரகம் இப்படியொரு கருவி வைத்திருந்தது. 2025 மார்ச்சில், காசில்லை எண்டு சொல்லி, உலகம் முழுக்கத் தன் தூதரகங்களின் காற்றுத் தரவைப் பகிர்வதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரவாசிகள் 2015இல் தொடங்கிய மலிவு உணரிச் செய்முறை இன்னும் இலவசமாகக் கிடக்குது. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை எண்ணுகிற உணரி அது. ஈரப்பதன் கூடினால் எண்ணையும் கூட்டிக் காட்டும், எங்கட மழைக்காலத்தில் அதைக் கவனிக்க வேணும்.