டிடியே துரோக்பா

டிடியே துரோக்பா (பிறப்பு: 11 மார்ச் 1978) மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த முன்னாள் கால்பந்து வீரர். முன்கள ஆட்டக்காரரான இவர் தம் நாட்டு அணிக்காக 65 கோல்கள் அடித்துள்ளார். அந்த அணியில் வேறு எவரும் இத்தனை கோல்கள் அடித்ததில்லை.

அபிஜான் நகரில் பிறந்த துரோக்பா ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொழில்முறைக் கால்பந்து ஆடிவந்த உறவினர் மிஷேல் கோபாவின் பொறுப்பில் வளர்ந்தார். வீட்டு ஏக்கம் தாளாமல் மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பினார். பின்னர் மீண்டும் பிரான்சு சென்றார். பெரும்பாலான நட்சத்திர வீரர்கள் பதின்ம வயதிலேயே பெரிய கழகங்களின் கண்ணில் பட்டுவிடுவார்கள். துரோக்பாவுக்கோ முதல் தொழில்முறை ஒப்பந்தமே 21 வயதில், இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிய லெ மான் கழகத்தில்தான் கிடைத்தது. 2002-இல் கெங்காம் கழகத்துக்கு மாறி, அடுத்த பருவத்தில் 17 லீக் கோல்கள் அடித்த பிறகே அவர் பெயர் பரவியது. ஓராண்டு மார்செய் அணியில் ஆடியவரை 2004-இல் இங்கிலாந்தின் செல்சீ 2.4 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது.

செல்சீயில் நான்கு முறை பிரீமியர் லீக் பட்டம் வென்றார். 2006–07, 2009–10 பருவங்களில் அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே. ஆனாலும் ரசிகர்கள் முதலில் நினைவுகூர்வது 19 மே 2012 அன்று மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை. சொந்த மைதானத்தில் ஆடிய பேயர்ன் மியூனிக் 83-ஆவது நிமிடத்தில் முன்னிலை பெற்றது. 88-ஆவது நிமிடத்தில் கார்னரில் இருந்து வந்த பந்தைத் துரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கக் காரணமானவரும் அவர்தான். கோல்காப்பாளர் பீட்டர் செக் அதைத் தடுத்தார். முடிவில் வெற்றியைத் தந்த கடைசிப் பெனால்டியை உதைத்தவரும் துரோக்பாவே. அதன்பின் சீனா, துருக்கி, கனடா, அமெரிக்கக் கழகங்களில் ஆடினார்; இடையில் ஒரு பருவம் செல்சீக்கும் திரும்பினார். 2018-இல் ஓய்வு பெற்றார்.

தாய்நாட்டில் அவருடைய இடம் வேறு. 2002-இல் வெடித்த உள்நாட்டுப் போரால் ஐவரி கோஸ்ட் இரண்டாகப் பிளந்திருந்தது: தெற்கு அரசிடம், வடக்கு கிளர்ச்சியாளர்களிடம். 8 அக்டோபர் 2005 அன்று சூடானின் ஓம்துர்மானில் ஐவரி கோஸ்ட் 3–1 என வென்றது. அதே நேரத்தில் கமரூன் எகிப்துடன் சமன் செய்ததால் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடைமாற்றும் அறையில், தொலைக்காட்சிக் கேமராவின் முன் சக வீரர்களுடன் மண்டியிட்ட துரோக்பா, ஆயுதங்களைக் கீழே வைத்துத் தேர்தல் நடத்துமாறு நாட்டு மக்களை வேண்டினார். 2007 மார்ச்சில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூன் 3 அன்று, கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கே நகரில் மடகாசுகருக்கு எதிரான ஆட்டம் நடந்தது. அந்த ஆட்டம் அங்கே நடக்க வேண்டும் என்று முயன்றவர் துரோக்பா. ஐவரி கோஸ்ட் 5–0 என வென்றது.

ஒரு கால்பந்து வீரர் போரை நிறுத்தினார் என்று சிலர் எழுதுவது மிகை. ஒப்பந்தத்துக்குப் பின்னால் நீண்ட பேச்சுவார்த்தைகள் இருந்தன. 2010 தேர்தலுக்குப் பின் மீண்டும் சண்டை மூண்டு சுமார் 3,000 பேர் உயிரிழந்தனர். எனினும் இரு தரப்பினரும் காதுகொடுத்துக் கேட்ட ஒரு சில குரல்களில் அவருடையதும் ஒன்று. 2011-இல் அமைக்கப்பட்ட உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் வெளிநாடு வாழ் மக்களின் பிரதிநிதியாக அவர் சேர்க்கப்பட்டார்.

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 2006, 2012 ஆகிய இரண்டு இறுதியாட்டங்களிலும் அவர் பெனால்டியைத் தவறவிட, அணி தோற்றது. 2014 ஆகஸ்டில் அவர் தேசிய அணியில் இருந்து விலகினார். ஆறு மாதம் கழித்து ஐவரி கோஸ்ட் அக்கோப்பையை வென்றது.