ரிவியூ தொடங்கினது எங்கட கொழும்பில

2008 ஜூலை 23ஆம் திகதி எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தொடங்கிய இலங்கை - இந்திய டெஸ்டில், டில்ஷான் பிடி கொடுத்து ஆட்டமிழந்ததாகச் சொல்லி நடுவர் மார்க் பென்சன் விரலை உயர்த்தினார். அதுவரைக்கும் விரல் ஏறினால் பேசாமல் நடையைக் கட்டவேண்டியதுதான். டில்ஷான் போகவில்லை. ரிவியூ கேட்டார். மூன்றாவது நடுவர் ரூடி கூர்ட்சன் ரீப்ளே பார்த்த பிறகு பென்சன் தன் தீர்ப்பை மாற்றினார். டில்ஷான் ஆட்டமிழக்காமல் 125 ஓட்டங்கள் எடுத்தார்.

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு வீரர் கேட்டு நடுவரின் தீர்ப்பு மாறிய முதல் தருணம் இது. இதைப்பற்றி நாங்கள் ஏன் கூடக் கதைக்கிறதில்லை என்று விளங்கவில்லை.

இந்த உரிமை டென்னிஸில் இரண்டு வருசம் முந்தியே வந்துவிட்டது. 2004 அமெரிக்க ஓபன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸ் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. கோட்டு நடுவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் நாற்காலி நடுவர் மரியானா ஆல்வஸ் அதை வெளியே என்றார். உலகமே டிவியில் பார்த்தது, செரீனாவுக்கோ முறையிட வழியில்லை. ஆட்டத்தில் ஜெனிபர் காப்ரியாட்டி வென்றார். அந்தக் கூச்சலுக்குப் பிறகு, 2006 மார்ச்சில் மியாமியில் ‘சலஞ்ச்’ முறை தொடங்கியது. அதற்கு உதவிய ஹாக்-ஐ கருவி 2001இல் லோர்ட்ஸ் டெஸ்டில் டிவிக்காக வந்த ஒன்று. கருவியைக் கிரிக்கெட் கொடுத்தது, விதியை டென்னிஸ் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் யோசனை யாருடையது? சேனக வீரரத்ன என்ற இலங்கைச் சட்டத்தரணி, வீரர்களுக்கு மூன்றாவது நடுவரிடம் மேன்முறையீடு செய்யும் உரிமை வேண்டும் என்று 1997 மார்ச்சில் ‘தி அவுஸ்திரேலியன்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். கோர்ட்டில் அப்பீல் இருக்கிறது, மைதானத்தில் ஏன் இல்லை என்ற சட்டத்தரணியின் கேள்விதான். தன்னுடைய யோசனைக்கு அங்கீகாரம் வேண்டுமென்று பிறகும் வாதாடினார். ஐ.சி.சி. கொடுக்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதினைந்து மாதம் முந்தி, 1995 டிசம்பர் 26 அன்று, மெல்பேர்னில் டரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை ஏழு தடவை நோ-போல் என்றார். அர்ஜுன ரணதுங்க பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. நேர்மையாகச் சொன்னால், இன்றைக்கு இருக்கிற ரிவியூவும் அன்று முரளியைக் காப்பாற்றியிருக்காது. பந்தை எறிகிறார் என்ற தீர்ப்பை ரிவியூ கேட்க முடியாது. ஆனால் எஸ்.எஸ்.சி.யில் சேவாக்குக்கு எல்.பி.டபிள்யூ. இல்லை என்று சொல்லப்பட்டபோது இலங்கை ரிவியூ கேட்டது, தீர்ப்பு மாறியது. ரிவியூவால் ஆட்டமிழந்த முதல் துடுப்பாட்ட வீரர் சேவாக். பந்து போட்டவர் முரளி!

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் டென்னிஸ் பந்தில் விளையாடுகிறவர்களுக்கு இந்த நியாயம் நல்லாத் தெரியும். அங்கே துடுப்பெடுத்தாடுகிற பக்கத்துப் பொடியன்தான் அம்பயர். சத்தம் கூடின பக்கம் வெல்லும்.

தொடரின் கடைசி டெஸ்ட் தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில் நடந்தது. முரளியின் கழகமும் அதுதான். இலங்கை 2-1 என்று தொடரை வென்றது. இலங்கை கேட்ட ரிவியூக்களில் 11 பலித்தன, இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. இந்தியக் கிரிக்கெட் சபை பிறகு பல வருசம் இந்த முறையை எதிர்த்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். 2016 நவம்பரில் இங்கிலாந்துத் தொடரில்தான் இறங்கி வந்தார்கள்.

இப்போது டென்னிஸ் வேறு பக்கம் போகிறது. 2025இல் விம்பிள்டன் கோட்டு நடுவர்களை நீக்கிவிட்டு முழுப் பொறுப்பையும் கருவியிடம் கொடுத்தது. கருவியே தீர்ப்புச் சொன்னால் சலஞ்ச் எதற்கு? அதே ஜூலையில் பவ்லியுசென்கோவா ஆட்டத்தில் கோர்ட்டின் ஒரு பக்கத்தில் கருவியை யாரோ தவறுதலாக நிறுத்திவிட்டார்கள். எதிராளியின் பந்து வெளியே விழுந்தது தெளிவாகத் தெரிந்தது. கருவி வாய் திறக்கவில்லை. சலஞ்ச் கேட்கவும் வழியில்லை. அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். அந்த கேமை அவர் இழந்தார், ஆட்டத்தை வென்றார்.