சுடுமண் மாடங்களும் குத்தகைப் பத்திரங்களும்: டல்சா நகரின் எண்ணெய்க்காலக் கட்டடக்கலை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரின் மையப்பகுதி, 1920களிலும் 1930களிலும் அங்கு எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்களால் பெயர்பெற்றது. செங்குத்துக் கோடுகளையும் மடிப்பு மடிப்பான முக்கோண அணிகளையும் வடிவியல் உருவில் அமைந்த இலை, மலர்களையும் கொண்டு, பழைய கிரேக்க, ரோமானிய அலங்காரங்களைத் தவிர்த்துவிடும் பாணியே ஆர்ட் டெக்கோ எனப்படுகிறது. எண்ணெய் கிடைத்தது, செல்வம் பெருகியது, அவ்வேளையில் 1925ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சி வழியே பரவிக்கொண்டிருந்த பாணியை அச்செல்வம் வாங்கிக்கொண்டது என்பதே இக்கட்டடங்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இது தவறன்று, ஆயினும், கிணறுகளுக்கு நெருக்கமாயிருந்த ஊர்கள் பல சிற்றூர்களாகவே நின்றுவிட, கிணறுகளிலிருந்து விலகியிருந்த டல்சா மட்டும் ஏன் விண்ணை நோக்கி வளர்ந்தது என்ற கேள்விக்கு இதில் விடையில்லை. எண்ணெய்க்கு மேலிருந்த நிலத்தின் உரிமை எவ்வாறு துண்டாடப்பட்டுக் கைமாறியது என்பதிலிருந்தே அந்நகரின் கட்டடக்கலையைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

அலபாமாவிலிருந்து கட்டாயமாக வெளியேற்றப்பட்ட மஸ்கோகி, அதாவது கிரீக், பழங்குடியின் லோச்சபோகா பிரிவினர் 1830களில் ஆர்கன்சா ஆற்றங்கரையில் அமைத்த குடியிருப்பே டல்சாவின் தொடக்கம். 1882இல் இரயில் பாதை வந்தது. 1898இல் ஊர் நகராட்சியாயிற்று. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்தோர் 1,390 பேர். 1901இல் எண்ணெய் கண்டறியப்பட்ட ரெட் ஃபோர்க் என்ற ஊர் ஆற்றின் மறுகரையில் இருந்தது. 1905இல் கண்டறியப்பட்டு டல்சாவின் தலைவிதியை மாற்றிய கிளென் பூல் எண்ணெய் வயலும் நகருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1904இல் நகரவாசிகள் மூவர் தம் சொந்தப் பணத்தில் ஆற்றின்மீது சுங்கப்பாலம் ஒன்றைக் கட்டினர். கிணற்றுக்காரர்கள் உறங்கவும் உண்ணவும் கடன் வாங்கவும் பத்திரம் எழுதவும் தம் ஊருக்கே வரவேண்டும் என்ற கணக்கு அதன் பின்னிருந்தது. நகரின் வருங்காலத்தை ஒரு கட்டுமானம் தீர்மானித்தது என்று சொல்லத்தக்கதாக அங்கு ஏதேனும் உண்டெனில், இன்று யாரும் ஒளிப்படம் எடுக்க வராத அந்தப் பாலமே அது.

கிளென் பூலின் முதற்கிணறு, ஐடா கிளென் என்ற மஸ்கோகிப் பெண்ணின் பங்கு நிலத்தில் தோண்டப்பட்டது. அதுவரை பழங்குடி முழுவதற்கும் பொதுவாக இருந்த நிலம், 1898ஆம் ஆண்டின் கர்ட்டிஸ் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த உடன்படிக்கையாலும் ஆளுக்கு 160 ஏக்கர் வீதம் பிரிக்கப்பட்டது. முன்பு கிரீக்குகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடும்பங்களும் இப்பங்கைப் பெற்றன. நிலத்தடி வளமும் பங்குதாரருக்கே உரியதாகையால், ஒரே தரப்புடன் ஒரே ஒப்பந்தம் என்பது மாறி, ஆயிரக்கணக்கான துண்டு நிலங்களுக்கு ஆயிரக்கணக்கான குத்தகைகள் என்ற நிலை உருவாயிற்று. 1908ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பலரது நிலங்களின்மீதிருந்த விற்பனைத் தடையை நீக்கியதோடு, சிறாரின் சொத்துகளை உள்ளூர் நீதிமன்றங்கள் நியமிக்கும் காப்பாளர்களின் கைக்குக் கொண்டுசென்றது. இதன் விளைவாக வில்லங்கம் பார்ப்போர், தரகர், வழக்குரைஞர், காப்பாளர், வங்கியர் என ஒரு பெருங்கூட்டம் உருவாகி, ஒருவருக்கொருவர் நடந்துபோகும் தொலைவில் அலுவலகம் வேண்டி நின்றது. 1917இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் டல்சாவில் தோன்றியதும் இப்பின்னணியிலேயே.

இதற்கு மறுதலையான சான்று அண்டையிலேயே உள்ளது. ஓசேஜ் பழங்குடியினர் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது மேல்நிலத்தைப் பிரித்துக்கொள்ள இசைந்தாலும் நிலத்தடி வளத்தைப் பொதுவுடைமையாகவே நிறுத்திக்கொண்டனர். அவர்களது எண்ணெய்க் குத்தகைகள் பாஹஸ்கா என்ற சிற்றூரில், ஓர் எல்ம் மரத்தடியில் ஏலம் விடப்பட்டு, ஒரே நாளில் பல மில்லியன் டாலர் கைமாறியதுண்டு. அப்பொதுவுடைமையும் ஓசேஜ் மக்களைக் காப்பாற்றிவிடவில்லை. பங்குரிமைக்காக 1920களில் அவர்கள் கொல்லப்பட்ட வரலாறு நன்கறியப்பட்டது. எனினும் கட்டடக்கலை நோக்கில் ஓர் உண்மை புலப்படுகிறது: உரிமை பிரியாதிருந்த இடத்தில் வணிகத்துக்கு ஒரு மரநிழல் போதுமாயிற்று, பிரிந்த இடத்தில் அடுக்குமாடிகள் தேவைப்பட்டன.

அவ்வடுக்குமாடிகளில் வெய்ட் பிலிப்ஸ் என்ற எண்ணெய் அதிபர் கட்டியவை தனித்துக் கருதத்தக்கவை. எட்வர்ட் பியூலர் டெல்க் வடிவமைப்பில் 1928இல் முடிந்த பில்டவர், கோதிக் பாணியின் கூரிய முடியையும் வண்ண ஓட்டுக்கூரையையும் கொண்ட 24 மாடிக் கட்டடம். தெருவுக்கு எதிர்ப்புறத்தில் 1931இல் திறக்கப்பட்ட பில்கேட், லியோன் சென்டரின் வடிவமைப்பில், பொன் தகடு வேய்ந்த விதானமும் வெண்கல வேலைப்பாடும் கொண்ட கடைக்கூடத்தைத் தரைத்தளத்தில் உடையது. இரண்டையும் நிலத்தடிச் சுரங்கவழி ஒன்று இணைக்கிறது. சில ஆண்டு இடைவெளியில் ஒரே உரிமையாளர் கோதிக்கிலிருந்து ஆர்ட் டெக்கோவுக்குத் தாவியதை இரசனை மாற்றமாக மட்டும் காண்பது போதாது, ஏனெனில் இரண்டுமே வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்ட அலுவலகங்கள். முகப்பின் பொலிவு வாடகைதாரரை ஈர்க்கும் விளம்பரமாகவும் இருந்தது. அப்பொலிவுக்கு உதவிய, அச்சில் வார்த்துச் சுடப்பட்ட சுடுமண் பாளங்கள் எஃகுச் சட்டகத்தின்மீது விரைவாகப் பதிக்கக்கூடியவை. ஒரே அச்சிலிருந்து எத்தனை முறையும் எடுக்கத்தக்கவை. எல்லாவற்றுக்கும் மேலாக, தீப்பற்றாதவை.

பாஸ்டன் அவென்யூ மெதடிஸ்ட் தேவாலயம் இப்போக்கின் உச்சம். 1929இல் கட்டிமுடிக்கப்பட்ட இத்தேவாலயம் 15 மாடி உயரக் கோபுரத்தை உடையது. அதன் உச்சியிலும் சுவர்களிலும் மேல்நோக்கிக் குவிந்த கைகள் வேண்டுதலின் குறியாக வருகின்றன. உள்ளே அப்பகுதியில் நன்கு வளரும் மலர்களின் வடிவங்கள் வண்ணக் கண்ணாடியில் திரும்பத் திரும்ப அமைகின்றன. ஓவிய ஆசிரியை ஏடா ராபின்சன், அவரிடம் பயின்ற இளம் கட்டடக்கலைஞர் புரூஸ் காஃப் ஆகியோரில் இப்படைப்பு யாருடையது என்ற சர்ச்சை நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. கருத்துருவில் ஆசிரியையின் பங்கைக் குறைத்துரைப்பது கடினம் என்றே தோன்றுகிறது. ஆனால் அச்சர்ச்சையில் மறைந்துபோவது வேறொன்று: வழிபாட்டிடம் ஒன்று, எந்த முந்தைய தேவாலய மரபையும் நாடாமல், அருகிலிருந்த அலுவலகக் கோபுரத்தின் வடிவத்தையே தன் மாண்பின் மொழியாக ஏற்றிருக்கிறது.

இரயில் பாதைக்கு வடக்கே, கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட்டைச் சேர்க்காமல் இவ்வரலாறு நிறைவுறாது. டிரெக்சல் கட்டடத்து மின்தூக்கியில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றை 1921 மே 31 அன்று டல்சா ட்ரிப்யூன் நாளிதழ் வெளியிட்ட விதம் வன்முறையைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அன்றிரவும் மறுநாளும் வெள்ளையர் கும்பல்கள் 35 தெருத்தொகுதிகளை எரித்தன. அப்போது அதிகாரப்பூர்வமாகப் பதிவான இறப்புகள் 36, பின்னாளைய மதிப்பீடுகள் 300 வரை செல்கின்றன. அவ்விதழின் வெளியீட்டாளர் ரிச்சர்ட் லாய்ட் ஜோன்சுக்காகவே அவருடைய உறவினரான ஃபிராங்க் லாய்ட் ரைட், கான்கிரீட் பாளங்களும் கண்ணாடியும் மாறிமாறி எழும் வெஸ்ட்ஹோப் இல்லத்தை 1929இல் வடிவமைத்தார். படுகொலை நிகழ்ந்த சில நாட்களுக்குள் நகராட்சி பிறப்பித்த விதியொன்று, எரிந்த பகுதியில் எழுவன யாவும் தீப்பற்றாப் பொருள்களால் ஆனவையாக இருக்க வேண்டும் என்றது. கூடாரத்தில் அலுவலகம் நடத்திய வழக்குரைஞர் பி. சி. ஃபிராங்க்ளின் முதலானோர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. தீப்பற்றாமை என்பது தென்புறத்தில் செல்வத்தின் அடையாளம். வடபுறத்தில், வீடிழந்தோர் வாங்க இயலாத பொருளைக் கட்டாயமாக்கி நிலத்தை விடச்செய்யும் கருவி. கட்டடப்பொருள் ஒன்றே, உரிமையின் கணக்கு வேறு.

1930 அக்டோபரில் கிழக்கு டெக்சாஸ் வயல் கண்டறியப்பட்டு எண்ணெய் விலை சரிந்தபோது தென்புறத்துக் கட்டுமானமும் தடைப்பட்டது. விடுதி மாடிகளைச் சேர்த்து 13 மாடியாகத் திட்டமிடப்பட்ட கில்லெட்-டைரல் கட்டடம் மூன்று மாடியோடு நின்றது. பின்னர் 1970களின் நகரச் சீரமைப்பில் பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றின்மீது பொதுக்கவனத்தைத் திருப்பியது, உள்ளூர் மகளிர் அமைப்பான ஜூனியர் லீக் 1980இல் வெளியிட்ட, 1925 முதல் 1942 வரையிலான ஆர்ட் டெக்கோ கட்டடங்களைப் பற்றிய நூல். அந்நூலின் தொண்டு பெரிது. ஆனால் பாணியை அளவுகோலாகக் கொண்ட அக்கால எல்லைக்குள் கிரீன்வுட்டின் மவுன்ட் சயன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு இடமிருக்க இயலாது. 1921 ஏப்ரலில் திறக்கப்பட்டு இரு மாதங்களுக்குள் எரிக்கப்பட்ட அத்தேவாலயத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரவில்லை. அதன்மீதிருந்த 50,000 டாலர் அடமானக் கடனை, கட்டடம் இல்லாத நிலையிலும், சபையார் 1942இல் அடைத்து முடித்தனர். புதிய தேவாலயம் 1952இல் எழுந்தது.